பழைய பிலிம் கமராவில் படங்களின் இடைவெளி ஏன் கூடிக் குறைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் அலுமாரியில் கிடந்த யாஷிகா, லண்டன் மாமா விட்டுப்போன பென்டக்ஸ், பூட்டிய ஸ்டூடியோவில் இருந்து சாக்கோடு வந்த ஜெனிட். திருகோணமலையில் இத்தனை பழைய கமராக்கள் உறங்கிக் கிடக்கின்றன என்பது, நான் இவற்றைக் கிண்டத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. கமரா திருத்துவது என் தொழில் இல்லை, பைத்தியம். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: நெகட்டிவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம் ஒரே அளவாக இல்லை, சில இடத்தில் விரல் அகலம், சில இடத்தில் படம் படத்தின் மேல் ஏறி நிற்கிறது. ஆளுக்கு ஆள் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். முதலில் 35 மில்லிமீற்றர் கமரா, தாள் முதுகோடு வரும் அகலமான 120 பிலிம் பிறகு.

சரியான இடைவெளி எவ்வளவு?

2 மில்லிமீற்றர். கணக்கு லேசானது. 35 மி.மீ. பிலிமின் ஓரத்துத் துளைகள் 4.75 மி.மீ.க்கு ஒன்றாக இருக்கும். பிலிமை நகர்த்தும் லீவரை ஒருமுறை இழுத்தால் 8 துளை நகர வேண்டும். அது 38 மி.மீ. படத்தின் அகலம் 36. மிச்சம் 2.

அளக்கும்போது வெற்றிடத்தை அளக்காதீர்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை நெகட்டிவ் மேல் வைத்து, ஒரு படத்தின் இடது ஓரத்தில் இருந்து அடுத்த படத்தின் இடது ஓரம் வரை அளந்து பாருங்கள். 38 வந்தால் கமரா தன் வேலையைச் செய்கிறது.

எனக்குச் சில இடத்தில் ஒன்றரை, சில இடத்தில் இரண்டரை வருகிறது. பழுதா?

இல்லை. 50 வயது தாண்டிய இயந்திரம், அந்தளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். படம் படத்தோடு முட்டாதவரை அதைத் திறக்கக் கொடுக்காதீர்கள். இடைவெளி சரியாகி வெளிச்சமானி செத்து வந்த கமராக்களைப் பார்த்திருக்கிறேன்.

நெகட்டிவைப் பார்த்தே எங்கே பிழை என்று சொல்ல முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதே இதுதான்: கமராவைத் தொடுவதற்கு முன் நெகட்டிவைப் படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். லீவரை இழுக்கும்போது இரண்டு உருளைகள் சுற்றுகின்றன. ஒன்று பல் உருளை. அதன் பற்கள் துளைகளில் கொழுவி, 8 துளை எண்ணிப் பிலிமை நகர்த்தும். மற்றது, பிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல். பிலிம் ஏற ஏற ஸ்பூல் பருத்துக்கொண்டே போகும். பருத்த ஸ்பூல் ஒரு சுற்றில் கூடுதல் பிலிமை இழுக்கப் பார்க்கும். அதனால் ஸ்பூலுக்குள் வழுக்கிக் கொடுக்கும் ஒரு கிளச் இருக்கிறது. ஆக, அளப்பது பல் உருளை. ஸ்பூல் சும்மா இழுத்துப் பிடிப்பதோடு சரி.

இப்போது நெகட்டிவுக்கு வாருங்கள். இடைவெளி முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகிறதா? அப்படியென்றால் பல் உருளை அளக்கவே இல்லை. பருக்கும் ஸ்பூல் தன் பாட்டில் இழுத்திருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது, பிலிமைத் திருப்பிச் சுற்றுவதற்கான பொத்தான். பென்டக்ஸ் கே1000 போன்றவற்றில் அது அடிப்பக்கத்தில் இருக்கும். ஃபெட், சோர்கி போன்ற சோவியத் கமராக்களில் ஷட்டர் பொத்தானைச் சுற்றிய வளையம். முன்னைய றோலைத் திருப்பிச் சுற்றியபோது உள்ளே போனது, அழுக்கில் இறுகி முழுதாக வெளியே வராமல் நின்றிருக்கும். பல நேரம் இவ்வளவுதான் பிழை.

அடுத்தது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சடாரென்று மாறுவது. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் வரிசையாக எடுத்துக்கொண்டு ஒரு தம்பி வந்தார். முதல் நான்கு கிணறும் ஒழுங்கு. ஐந்தாவது கிணற்றின் சுவர் நான்காவதின் தண்ணீருக்குள் நின்றது. பிறகு ஆறும் ஏழும் மறுபடி ஒழுங்கு. ஏறி நின்ற அளவை அளந்தோம்: சரியாக 2.75 மி.மீ. அந்த எண்ணைப் பார்த்ததும் விசயம் விளங்கிவிட்டது. 2 மி.மீ. இடைவெளியில் ஒரு துளை, அதாவது 4.75 குறைந்தால் படம் 2.75 மி.மீ. ஏறும். பிலிம் ஒரு பல்லைத் தவறவிட்டிருக்கிறது. அந்த இடத்துத் துளையை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் கிழிந்திருந்தது. முன்பக்கம் ஒரு துளை பாய்ந்தால் இடைவெளி 6.75 ஆகும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துளைக் கணக்கில் பாய்ந்தால் குற்றம் பிலிமிலோ, போட்ட விதத்திலோ, கிளச் தளர்ந்து பிலிம் தொய்ந்ததிலோ இருக்கும். பற்சக்கரத்தில் இல்லை.

மூன்றாவது வகைதான் தலையிடி. ஒழுங்கே இல்லாமல் ஒன்று 1, ஒன்று 3, ஒன்று பூச்சியம். படத்தின் இடது ஓரம் பக்கத்துத் துளைக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள். துளையின் நடு, துளையின் ஓரம், துளைகளுக்கு நடுவே என்று அலைந்தால், பல் உருளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உள்ளே தடுக்கும் கொளுக்கி தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் களைத்திருக்கும். அது கை தெரிந்தவரிடம் போக வேண்டிய கேஸ்.

பிலிம் போடுவதில் என்ன பிழை விடுகிறார்கள்?

அவசரம். பிலிம் நாக்கை ஸ்பூலின் பிளவில் செருகி, ஒரு இழுவை இழுத்து, மூடிவிடுகிறார்கள். நாக்குப் பகுதியில் ஒரு பக்கத் துளைகள்தான் இருக்கும். மேலும் கீழும் இரண்டு வரிசைப் பற்களும் துளையில் கொழுவும்வரை இழுத்துப் பார்த்த பிறகே பின்மூடியை மூட வேண்டும். மூடிய பின் இடப்பக்கக் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருகி, பிலிம் சுருண்டிருக்கும் டப்பாவான கசெட்டுக்குள் இருக்கும் தொய்வை எடுங்கள். தடை தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. தீர்த்தத் திருவிழா முழுவதும் சுழலாத குமிழோடு 36 படம் எடுத்தவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். அது நான்தான்.

இன்னொன்று, வெறும் கசெட்டில் திரும்பத் திரும்பப் பிலிம் நிரப்புவது. வாயில் உள்ள வெல்வெட் மணலும் தூசும் பிடித்துப் பிலிமை இறுக்கும். நான்கைந்து தடவைக்கு மேல் ஒரே கசெட்டை வைத்து இழுக்காதீர்கள்.

லீவரை எப்படி இழுக்க வேண்டும்?

ஒரே சீராக, முடியும்வரை. படார் என்று இழுத்துப் படார் என்று விடுவது சினிமாவில் மட்டும்.

எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் நினைக்கிற விதத்தில் இல்லை. உப்பு நேரே இடைவெளியைக் குழப்பாது. திருகுகளையும் ஸ்பிரிங்கையும் மெல்ல அரிக்கும். உடனடியாக வேலை காட்டுவது ஈரம். பிலிமின் ஒரு பக்கம் ஜெலட்டின். மாரி காலத்தில் அது ஈரம் குடித்து லேசாக ஒட்டும் தன்மைக்கு வரும், பின்தகடு பிலிமை அழுத்திப் பிடிக்கும் முன்பக்கத் தண்டவாளங்களோடு இழுபறி கூடும். தளர்ந்த கிளச் உள்ள கமரா வைகாசியில் ஒழுங்காக ஓடிவிட்டுக் கார்த்திகையில் படத்தின் மேல் படம் ஏற்றுவது இதனால்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிலிம் காய்ந்து விறைக்கும். பழைய காலாவதிப் பிலிம் என்றால் துளை கிழிவது அப்போதுதான்.

குளிர்சாதனப் பெட்டியில் பிலிம் வைத்திருப்பவர்கள், வெளியே எடுத்து உறையைப் பிரிக்க முன் ஒன்றிரண்டு மணித்தியாலம் பொறுங்கள். எங்கள் வெக்கையில் குளிர்ந்த பிலிமைத் திறந்தால் நொடியில் வியர்த்துவிடும். கமராவை அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அரிசித் தூள் பற்சக்கரத்துக்குள் போகும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

லீவர் இறுக்கமாக இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். நான் விட்டேன். என் ஜெனிட்டின் லீவருக்குக் கீழே தையல் மெசின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. அன்று லீவர் வெண்ணெய் போல ஓடியது. இரண்டு கிழமை கழித்து நிலாவெளியில் எடுத்த றோலில் ஒரு இடைவெளிக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய் வழிந்து கிளச்சுக்குள் போயிருந்தது. கிளச் என்பது உராய்வால் பிழைக்கும் பொருள். அதற்கு எண்ணெய் கொடுப்பது சைக்கிள் பிரேக் கட்டைக்கு எண்ணெய் கொடுப்பதைப் போல. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். கொஞ்ச நாளில் பிசினாகிவிடும்.

பிலிம் செலவழிக்காமல் சோதிக்க வழி உண்டா?

இரண்டு வழி உண்டு. வெறும் கமராவின் பின்மூடியைத் திறந்து, பல் உருளையின் ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் பொட்டு வையுங்கள். பெரும்பாலான கமராக்களில் அந்த உருளையின் ஒரு வரிசைக்கு 8 பல். ஒரு முழு இழுவைக்கு ஒரு முழுச் சுற்று. ஷட்டரை அடித்து, லீவரை இழுத்து, பொட்டு அதே இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பத்துத் தடவை செய்தால் தெரிந்துவிடும்.

இதில் தேறினால், ஒரு வீணான பிலிமைப் போட்டு, மூடியைத் திறந்தபடியே பெருவிரலால் பிலிமைப் பல் உருளையோடு லேசாகப் பிடித்துக்கொண்டு இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்குப் பிறகும், படம் விழும் செவ்வக வாயிலின் இடது ஓரத்துக்கு நேரே ஒரு கோடு. 15 கோடு போட்டுப் பிலிமை வெளியே எடுத்து அளந்தால், 38, 38, 38 என்று வர வேண்டும். பொட்டுச் சோதனையில் தேறி கோட்டுச் சோதனையில் தவறினால் கிளச்சையும் ஸ்பூலையும் பாருங்கள்.

120 கமராவில் கடைசி நான்கைந்து படங்கள் மட்டும் நெருங்கி வருகின்றன. ஏன்?

இந்தக் கேள்வி கிண்ணியாவில் இருந்து வந்தது, ஒரு அக்கா தன் தகப்பனாரின் இரட்டை லென்ஸ் கமராவோடு. கமராவில் பழுதே இல்லை. பிலிம் மெலிந்துவிட்டது.

120 பிலிமில் துளை கிடையாது. 1901இல் கோடாக் அதைக் கொண்டுவந்தபோது, தாளின் முதுகில் எண் அச்சடித்து, கமராவின் பின்னால் உள்ள சிறு சிவப்பு ஜன்னலால் பார்த்துச் சுற்றும் ஏற்பாடுதான். பிறகு வந்த கமராக்கள் தாங்களே நிற்கும் இயந்திரத்தோடு வந்தன. துளை இல்லாததால் அவற்றில் பல, ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் அளக்கின்றன. ஸ்பூல் பருக்கும் கணக்கையும் சேர்த்து, படத்துக்குப் படம் சுற்றைக் குறைத்துக்கொண்டே போகும்படி பற்சக்கரத்தை வெட்டியிருப்பார்கள். அழகான வேலை. ஆனால் அந்தக் கணக்கு, அன்றைய பிலிமும் தாளும் இருந்த தடிப்புக்குப் போட்ட கணக்கு.

பிலிமும் தாளும் சேர்ந்து 0.02 மி.மீ. மெலிந்துவிட்டன என்று வையுங்கள். 15 சுற்றுக்குப் பிறகு ஸ்பூலின் விட்டம் 0.6 மி.மீ. குறைந்திருக்கும். அப்போது ஒரு சுற்றுக்கு வரும் பிலிம் கிட்டத்தட்ட 2 மி.மீ. குறைவு. தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது, போகப் போகச் சேர்ந்து கடைசிப் படங்கள் முட்டிக்கொள்ளும்.

வைத்தியம்: பிலிம் ஏறும் வெற்று ஸ்பூலின் தண்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். தண்டு பருத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிலிம் கூடுதலாக வரும். ஒரேயடியாக நிறையச் சுற்றினால் கடைசிப் படம் பிலிமைத் தாண்டி வெறுந்தாளில் விழும், ஆகவே ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிப் பாருங்கள். அக்காவின் கமராவுக்கு மூன்று சுற்றில் குணமானது.

அதற்கு முன், தாளில் உள்ள அம்புக்கோட்டைக் கமராவின் குறிக்கு நேரே வைத்தீர்களா என்றும் பாருங்கள். ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமாட் 1937இல் வந்தபோது அந்த வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. தாளை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால், பிலிம் தொடங்கும் தடிப்பைத் தடவி அறிந்து எண்ணத் தொடங்கும். உருளைகளுக்கு இடையே விடாமல் மேலே போட்டால் எண்ணாமல் சுற்றிக்கொண்டே போகும்.

சிவப்பு ஜன்னல் உள்ள கமராவிலும் எனக்குப் பிழைக்கிறதே?

அப்படியென்றால் கண்தான் பிழை, கோபிக்க வேண்டாம். 120 தாளில் எண்கள் மூன்று வரிசை. 6×6 சென்ரிமீற்றர் படத்துக்கு நடு வரிசை, 12 படம். 6×9க்கும் 6×4.5க்கும் ஓர வரிசைகள். ஜன்னலில் எண்ணுக்கு முன் வரும் புள்ளிகளையே எண் என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் உண்டு. லுபிடெல் 2 போன்றவற்றில் மெல்லச் சுற்றி, எண் ஜன்னலின் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

சுற்றும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து, மற்ற நேரம் மூடி வையுங்கள். சிவப்பு ஒளி தெரியாத பிலிம் புழங்கிய காலத்து ஏற்பாடு அது. இன்றைய கறுப்பு வெள்ளை பிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் பார்க்கும். உப்புவெளி மணலில் நின்று நடுப்பகலில் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம்.

120 பிலிம் போடும் பென்டகன் சிக்ஸ் கமராவை வாங்கலாமா? இடைவெளிக்குக் கெட்ட பெயர் என்கிறார்களே.

கெட்ட பெயர் உண்மைதான், பாதி. அது ஸ்பூல் சுற்றை அளக்காமல், பல்லுள்ள ஒரு உருளையைப் பிலிமோடு உருட்டி அளக்கும் கமரா. ஆகவே மேலே சொன்ன டேப் வைத்தியம் அதற்குப் பலிக்காது. பிலிம் தொய்ந்தால் அந்த உருளை வழுக்கும். அதனால் போடும்போது பிலிமை இறுக்கமாகப் பிடித்து ஏற்ற வேண்டும். லீவரை முழுதாக இழுத்த பின் கையை எடுத்துவிடாமல், கையோடு கூட்டிக்கொண்டு வந்து விட வேண்டும். இந்த இரண்டையும் பழக்கினால் பலருக்கு வருத்தம் தீர்ந்துவிடுகிறது. விலை மலிவாகக் கிடைத்து, விற்பவர் ஒரு கழுவிய றோலைக் காட்டினால் வாங்குங்கள். றோல் காட்டாவிட்டால் வேண்டாம்.

28 மி.மீ. லென்ஸில் இடைவெளி குறைந்தும் 135இல் கூடியும் தெரிகிறது. இதுவும் பிழையா?

இல்லை. பிலிம், செவ்வக வாயிலின் விளிம்பில் இருந்து மயிரிழை பின்னால் இருக்கிறது. அகல லென்ஸின் கதிர்கள் சரிந்து வந்து அந்த விளிம்பைத் தாண்டி விழும். படம் லேசாக அகலும். வெற்றிடத்தை அளக்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

என் கமராவில் எல்லா இடைவெளியும் ஒரே அளவு, ஆனால் 2 மி.மீ. இல்லை.

படத்தின் அளவைப் பாருங்கள். ஒலிம்பஸ் பென் போன்ற அரைப் படக் கமராக்கள் 4 துளைதான் நகரும்: 19 மி.மீ.யில் படம் 18, மிச்சம் 1. பழைய நிக்கோன் எம்மில் படம் 34 மி.மீ.தான், ஆகவே வெற்றிடம் 4 வரும். இரண்டும் பிறவிக் குணம்.

கடையில் கழுவக் கொடுத்தபோது படத்தின் நடுவே வெட்டிவிட்டார்கள்.

எனக்கும் நடந்தது. கோணேசர் கோயில் கோபுரம் ஒரு துண்டில், கலசம் அடுத்த துண்டில். வெட்டும் இயந்திரமும் ஸ்கேன் இயந்திரமும் 38 மி.மீ.க்கு ஒருமுறை வெற்றிடம் வரும் என்று நம்பி ஓடுகின்றன. கவரின் மேல் பெரிதாக “வெட்ட வேண்டாம், சுருளாகத் தரவும்” என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது கடை வாசலோடு நின்றுவிடும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய படத்தைப் பிரிக்க முடியுமா?

முடியாது. இரண்டு ஒளியும் ஒரே இடத்தில் விழுந்துவிட்டன. ஏறாத பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் வெட்டுவதற்கு முன், இரண்டையும் சேர்த்து ஒரே நீளப் படமாக ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். எண்ணெய் குடித்த அந்த ஜெனிட்டில் வந்த ஒரு துண்டு என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. இடப்பக்கம் டச்சுக்குடாவில் கரைவலை இழுக்கிறார்கள். வலப்பக்கம் ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் ஒரு கொம்பன் மான். நடுவே அரை அங்குலம் ஏறி நிற்கும் இடத்தில், வலைக் கயிறு நேரே போய் மானின் கொம்பில் கட்டியிருக்கிறது. கயிற்றை இழுப்பவர்களில் ஒருவர் திரும்பி அதைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறது.